பாதியில் நிறுத்துகிறவன்

"அம்மிணி, உங்கப்பா..." என்று போனில் சொல்லிவிட்டு நிறுத்தினான்.

நான் ஹாஸ்டல் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கையிலிருந்த ஈரச் சுடிதார் கீழே விழுந்தது. "எங்கப்பாவுக்கு என்னடா?" என்று கத்தினேன். போனில் பஸ் ஸ்டாண்டு இரைச்சல்தான் கேட்டது. "நேர்ல வந்து சொல்றேன்" என்று வைத்துவிட்டான். அப்பாவைக் கூப்பிட்டால் எடுக்கவில்லை. அவன் வந்து சேர்கிற வரைக்கும் ஹாஸ்டல் வாசற்படியில் உட்கார்ந்து, அப்பாவின் பி.பி. மாத்திரை, அவர் ஓட்டுகிற பழைய ஸ்கூட்டர், போன வாரம் அவர் இருமிய இருமல் என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பாதி உயிரை விட்டிருந்தேன். கடைசியில் அவன் ஒரு மஞ்சள் பையோடு வந்து நின்றான்.

"உங்கப்பாவ நாமக்கல் பஸ் ஸ்டாண்டுல பாத்தேன். முறுக்கு குடுத்து உட்டாரு."

அவனை அடித்தேன். அந்தப் பையாலேயே அடித்தேன். முறுக்கெல்லாம் நொறுங்கிப் போனது. அவன் சிரித்துக்கொண்டே தூளை அள்ளித் தின்றான்.

அவன் அப்படித்தான். எதையும் பாதி சொல்லுவான். மீதியை வாய்க்குள் வைத்துக்கொண்டு எதிரில் இருக்கிறவர் முகத்தைப் பார்ப்பான். எங்கள் காலேஜ் கேன்டீனில் எல்லோரும் தட்டில் கை வைத்த நேரமாகப் பார்த்து, "மாஸ்டர், இன்னைக்கு உங்க சாம்பார்ல..." என்று ஆரம்பிப்பான். அத்தனை மேஜையிலும் கை அந்தரத்தில் நிற்கும். மாஸ்டர் கரண்டியோடு ஓடி வருவார். அவன் ஆற அமரத் தண்ணீர் குடித்துவிட்டு, "முருங்கக்கா நல்லா வெந்திருக்குதுங்க" என்பான். மாஸ்டர் அவனைத் திட்டாத நாள் கிடையாது. ஆனால் அவன் வராத நாளில் எங்கே அந்தக் கிறுக்கன் என்று கேட்பதும் அதே மாஸ்டர்தான்.

எனக்கு அவனைக் கண்டால் பயம். அதற்கு அவன்தான் காரணம் என்று முழுப் பழியையும் போட முடியாது. எனக்குப் பயம் கூடவே பிறந்தது. கரப்பான் பூச்சி, லிப்ட், தெரியாத நம்பரிலிருந்து வருகிற போன், டாக்டர் யோசிக்கிற முகம், எல்லாவற்றுக்கும் பயப்படுவேன். அப்படிப்பட்ட என்னையும் அவனையும் கடைசி வருஷத்தில் ஒரே குழுவில் போட்டார்கள். வருகைப் பதிவேட்டில் எங்கள் பெயர்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததுதான் குற்றம்.

நாங்கள் படித்தது ஊடகப் படிப்பு. அதில் விளம்பரப் பாடத்துக்கு ஒரு குழு ப்ராஜெக்ட் உண்டு. யாருக்கும் தெரியாத ஒரு பாடகரைப் பிடித்து, அவருடைய ஒரு பாட்டைப் பதிவு செய்து, அதை ஊருக்குக் கொண்டு சேர்க்க வேண்டும். எப்படிக் கொண்டு சேர்த்தோம் என்பதை வகுப்பில் விளக்க வேண்டும். "பாட்டு நல்லா இருக்கா இல்லையாங்கறது நம்ம பாடம் இல்ல" என்றார் எங்கள் சார். "அத ஒருத்தன் தேடி வரணும். தேட வைக்கறதுதான் நம்ம பாடம்." அதைச் சொல்லும்போது அவர் அவனைத்தான் பார்த்தார். இந்தப் பாடத்துக்காகவே பிறந்தவன் என்று அவனைப் பற்றி அவருக்கு அபிப்பிராயம்.

பாடகியைக் கண்டுபிடித்ததும் அவன்தான். அவனுக்குச் சொந்த ஊர் சேந்தமங்கலம். கொல்லிமலைக்குப் போகிற பஸ்ஸெல்லாம் அவன் வீட்டைத் தாண்டித்தான் போகும். ஒரு நாள் மலைக்குப் போயிருந்தபோது, செம்மேட்டில் மிளகு எடை போடுகிற கடையில் ஒரு பெண் பாடிக்கொண்டே தராசைப் பிடிப்பதைக் கேட்டிருக்கிறான். அவர்தான் மல்லிகா அக்கா. எங்களைவிட நாலைந்து வயது பெரியவர். மலையில் திருப்புலி நாடு என்கிற பகுதியில் ஒரு சின்ன ஊரில் அம்மாவோடு இருந்தார். அப்பா இல்லை. அண்ணன் பழனி குடகில் மிளகு பறிக்கிற வேலையில் இருந்தார். பாட்டெல்லாம் அக்கா தானே கட்டியது. பஸ் நிறுத்தாமல் போன டிரைவரைத் திட்டி ஒரு பாட்டு, எடையில் ஏமாற்றிய வியாபாரி மேல் ஒரு பாட்டு என்று கைவசம் நிறைய வைத்திருந்தார். நாங்கள் எடுத்துக்கொண்டது டவர் பாட்டு. அவர் ஊரில் போன் எடுக்காது. ஊருக்கு வெளியே ஒரு பாறை மேல் ஏறினால்தான் கொஞ்சம் எடுக்கும். அண்ணனோடு பேச அங்கேதான் போக வேண்டும்.

"பாறை மேல ஏறி நின்னா பாதிப் பேச்சு கேக்குது, மீதிப் பேச்சக் காத்து வந்து மெளகுக் காட்டுல வீசுது" என்று அக்கா பாடியபோது அவன் என் கையைக் கிள்ளினான். "கேட்டியா அம்மிணி, நம்ம ஆளு" என்றான்.

பாட்டைப் பதிவு செய்துவிட்டுத் திரும்பிய அன்றைக்கு பஸ்ஸில்தான் அவனிடம் கேட்டேன். ஏன்டா இப்படி எல்லோர் உயிரையும் வாங்குகிறாய் என்று. அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னான். அவன் அப்பா லாரி டிரைவர். வடக்கே லோடு போனால் வாரக்கணக்கில் வர மாட்டார். எங்கேயாவது ரோட்டோரத்திலிருந்து போன் போடுவார். பாதிப் பேச்சில் கட்டாகிவிடும். "வண்டி ஒண்ணு எதிர்ல வந்து..." என்று ஒரு தடவை கட்டானதாம்.

"அடுத்த போன் வர வரைக்கும் அம்மா, அக்கா, நானு, சித்தப்பா எல்லாரும் போனச் சுத்தி உக்காந்திருப்போம். சண்ட போட்டுட்டுப் போன பெரியப்பாகூட வந்து உக்காந்திருந்தாரு. எங்க ஊட்டுல எல்லாரும் ஒண்ணா உக்காந்தது அப்ப மட்டுந்தான்."

"அப்புறம்? உங்கப்பாவுக்கு என்ன ஆச்சு?"

அவன் என் முகத்தைப் பார்த்தான். உதட்டோரத்தில் சிரிப்பு வந்தது. நான் காதைப் பொத்திக்கொண்டேன். "ஒண்ணும் ஆகல, போ. சாலைல மாடு படுத்திருந்துச்சாம்" என்றான். அன்றைக்கு எனக்கு அவன் மேல் கோபமே வரவில்லை. பாவமாகத்தான் இருந்தது.

விளம்பரப் படத்தை அவனே செய்தான். அக்காவின் முகம் பாதி இருட்டில் இருக்கிற மாதிரி ஒரு புகைப்படம். அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றினான். பின்புலம் முழுக்கக் கறுப்பு. கீழே வெள்ளை எழுத்தில் மூன்றே வரி: மல்லிகா. ஞாயிற்றுக்கிழமை காலை. செம்மேடு பஸ் ஸ்டாண்டு. அங்கே ஸ்பீக்கர் வைத்துப் பாட்டைப் போடுவது என்பது திட்டம்.

"பாட்டுன்னு ஒரு வார்த்த போடுடா" என்றேன்.

"பாட்டுன்னு போட்டா, ஓ பாட்டான்னு போயிருவாங்க. யாரு இது, ஞாயித்துக்கெழம என்ன நடக்கப் போவுதுன்னு நெஞ்சு அடிச்சுக்கணும்."

"இந்தப் படத்தப் பாத்தா எனக்கு என்னமோ பயமா இருக்குது."

"பயமா இருந்தா வேல செய்யுதுன்னு அர்த்தம்."

நான் எதற்குத்தான் பயப்படவில்லை? என் பயத்தை நானே ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்வதில்லை. அந்தக் கறுப்பு வெள்ளை எங்கள் கண்ணுக்கு நாகரிகமாகத்தான் பட்டது. உலகத்தில் உள்ள நல்ல விளம்பரமெல்லாம் அப்படித்தான் இருக்கும் என்று மூன்று வருஷமாகப் படித்தவர்கள் நாங்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அதை மலைக்காரர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் போட்டான். ஒரு சொல் விளக்கம் கிடையாது.

சனிக்கிழமை காலை சேந்தமங்கலத்தில் மலை பஸ் ஏறினோம். எனக்கு உட்கார இடம் கிடைத்தது. பக்கத்தில் ஒரு வயதான அம்மா மடியில் பெரிய ரோஜா மாலையை வைத்திருந்தார். அதன் மேல் பிரிக்காத புதுச் சேலை. அவருடைய வீட்டுக்காரர் முன் சீட்டில் தலையைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தார். சாவுக்குப் போகிறார்கள் என்று தெரிந்தது. கேட்கக் கூடாது என்றுதான் நினைத்தேன். வாய் சும்மா இருக்கவில்லை.

"யாருங்க அம்மா?"

"எங்கண்ணன் மவ, கண்ணு. சின்ன வயசு. மெளகுக் கடைல வேலைக்குப் போயிட்டிருந்தா. மல்லிகான்னு பேரு. என்னமாப் பாடுவா தெரியுமா."

அந்த நொடியில் எனக்கு விளம்பரம் ஞாபகத்துக்கே வரவில்லை. அக்கா செத்துப் போய்விட்டார் என்றே நம்பினேன். முந்தாநாள்கூடப் போனில், ஞாயிற்றுக்கிழமை எந்தச் சேலை கட்டட்டும் என்று கேட்டாரே என்று நினைத்தேன். பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற அவனைப் பார்த்தேன். அவன் முகத்தில் ரத்தமே இல்லை.

"எப்படிங்க?" என்று அவன் கேட்டான்.

"ஆருக்குத் தெரியும் சாமி? போன்ல படம் வந்துச்சு. அத்தோட சரி." முன் சீட்டுக்காரர் திரும்பிப் போனை நீட்டினார். பாதி இருட்டில் அக்காவின் முகம். ஞாயிற்றுக்கிழமை காலை. அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிட்ட கைகள். ஆழ்ந்த இரங்கல் என்று யாரோ எழுதியிருந்தார்கள். எல்லோரும் அதையே எழுதியிருந்தார்கள்.

அவன் வாயைத் திறந்தான். "அது..." என்றான். நின்றுவிட்டான்.

"அது?" என்றார் அந்த அம்மா.

அவனால் முடியவில்லை. இது விளையாட்டு இல்லை என்று அவன் கண்ணைப் பார்த்தே தெரிந்தது. நான்தான் கத்தினேன். "அது பாட்டுக்கு விளம்பரங்க! அவங்க சாவலிங்க! நாங்கதான் போட்டோம்!"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அந்த அம்மா என் கன்னத்தைத் தடவினார். "எனக்கு ஆறுதல் சொல்றயா கண்ணு? உசுரோட இருக்கறவளுக்கு ஆராவது இப்படிப் படம் போடுவாங்களா?"

எங்கள் தெருமுனையில் சுவர் சுவராக ஒட்டியிருக்கிற அஞ்சலி போஸ்டர்களெல்லாம் அப்போதுதான் என் கண் முன்னால் வந்தன. அதே கறுப்பு, அதே வெள்ளை, பெயர், நாள், இடம். சின்ன வயதிலிருந்து பார்த்து வளர்ந்தது எப்படி எங்கள் இரண்டு பேர் கண்ணிலும் படாமல் போனது? அக்காவுக்குப் போன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. ஊரில் டவர் இல்லை என்பதைத்தானே அவர் பாட்டாகவே கட்டியிருந்தார். பஸ் வளைவு வளைவாக ஏறியது. ஒவ்வொரு வளைவிலும் மாலை என் பக்கம் சாய்ந்தது. சொன்னது பலித்திருக்குமோ, நிஜமாகவே ஏதாவது ஆகியிருக்குமோ என்று எனக்குள் ஒரு குரல் சொல்லிக்கொண்டே வந்தது. அவனுக்கும் அதே நினைப்புதான். செம்மேட்டில் இறங்கும்போது, "போயிப் பாக்கற வரைக்கும் எதுவும் பேசாத" என்றான்.

அக்கா வீட்டு வாசலில் கூட்டம். அதைப் பார்த்ததும் என் கால் ஓடிவிடப் பார்த்தது. கூட்டத்துக்கு நடுவில் இடுப்பில் குச்சிக்கிழங்குக் கூடையோடு அக்கா நின்றிருந்தார். "எல்லாரும் என்னத்துக்கு வந்திருக்கறீங்க? என்னன்னு சொல்லித் தொலைங்களேன்!" என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். வந்தவர்களோ அவரையும் கையிலிருந்த போனையும் மாறி மாறிப் பார்த்தார்கள். எங்களோடு பஸ்ஸில் வந்த அத்தை மாலையைத் தரையில் வைத்துவிட்டுப் போய் அக்காவின் கன்னத்தில் ஓங்கி ஒன்று வைத்தார். பிறகு கட்டிப்பிடித்துக்கொண்டு, வழியெல்லாம் அழாத அழுகையை எல்லாம் அங்கே அழுதார்.

ஊர்க் கங்காணி வந்தார். சாவோ கல்யாணமோ ஊர்க்கூட்டமோ, மலையில் அதை வீடு வீடாகப் போய்ச் சொல்கிறவர் அவர். அவருக்கு வேறு கோபம். "எனக்குத் தெரியாம இந்த ஊருல எப்படிச் சாவு உழுவும்? நான் வந்து சொன்னனா? நான் வராம எவன் சொன்னாலும் நம்பறதா?" என்றார். வாங்கிய மாலையை என்ன செய்வது என்று அத்தை கேட்டார். வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது, உயிரோடு இருக்கிறவள் வாசலிலும் வைக்கக் கூடாது. "ஓடைல உட்டுருங்க" என்றார் கங்காணி. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டார். "போன்ல வந்தத போன்லயே அழிச்சா ஆரு நம்புவா? நானே எல்லா ஊருக்கும் போய்ச் சொல்லியாகணும். செத்ததச் சொல்லித்தான் போயிருக்கறன். சாவலன்னு சொல்லப் போறது இதான் மொதத் தடவ." அவர் கிளம்பிப் போனார்.

பின்னாளில் இந்த ப்ராஜெக்டை வகுப்பில் விளக்கியபோது, உங்கள் விளம்பரம் எங்கெல்லாம் போய்ச் சேர்ந்தது என்று சார் கேட்டார். மலை முழுக்க என்று நான் சொன்னேன். சார் கை தட்டினார். அவன் எழுந்து வெளியே போய்விட்டான்.

கங்காணி போன பிறகு எல்லோருக்கும் கொஞ்சம் சிரிப்புக்கூட வந்தது. அப்போதுதான் அக்காவின் அம்மா, "பழனிக்கு ஆராச்சும் சொன்னீங்களா?" என்று கேட்டார்.

அக்கா பாறைக்கு ஓடினார். பின்னாலேயே நாங்களும் ஓடினோம். பாறை உச்சியில் போனை ஸ்பீக்கரில் போட்டார். மணி அடித்தது. எடுத்தது பழனி அண்ணன் இல்லை, அவரோடு வேலை செய்கிறவர். "ஆருங்க? பழனியா? அவுரு விடியக்காலமே கெளம்பிட்டாருங்க. தங்கச்சி எறந்துபோச்சுன்னு படம் வந்துச்சு. மேஸ்திரி வண்டிய வாங்கிட்டு அழுதுகிட்டே போனாரு. போனு சார்ஜர்லயே கெடக்குது, இங்கயே உட்டுட்டாரு. நீங்க ஆரு பேசறது?"

"நான்தானுங்க அந்தத் தங்கச்சி" என்றார் அக்கா.

விஷயத்தைக் கேட்ட அக்காவின் அம்மா எங்களைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவன் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "அவன் சாதாரணமாவே வேகமா ஓட்டுவான் சாமி. அந்த வளைவு ரோட்டுல கண்ணுல தண்ணியோட ஏறக் கூடாது. எப்படியாச்சும் கீழயே நிறுத்திப் போடுங்க."

குடகிலிருந்து நாமக்கல் வழியாக வருகிறவர் அடிவாரத்துக் காரவள்ளியில்தான் மலை ஏற ஆரம்பிப்பார். வேறு எங்கேயும் அவரைப் பிடிக்க வழியில்லை. அக்கா, அவன், நான் மூன்று பேரும் கீழே இறங்குகிற பஸ்ஸில் ஏறினோம். எதிரில் ஏறி வந்த ஒவ்வொரு பைக்கையும் அக்கா ஜன்னலில் தலையை நீட்டிப் பார்த்தார். நான் வளைவுகளில் பள்ளத்தைப் பார்த்தேன். பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. கீழே வந்து சேர்ந்தபோது மழை தூற ஆரம்பித்திருந்தது. அடிவாரத்தில் ஒரு டீக்கடை. அதன் எதிரிலிருந்துதான் ஏற்றம் தொடங்குகிறது.

அக்கா ரோட்டில் போய் நின்றார். அவன் அவசரமாக அவரை இழுத்து வந்தான். "வேண்டாங்க்கா. நீங்க உள்ள இருங்க."

"ஏன் தம்பி? என்னப் பாத்தா நின்னுருவான்ல?"

"செத்துட்டீங்கன்னு நெனச்சு வராரு. திடீர்னு நீங்க முன்னால நின்னா..."

அந்தப் பாதியை அவன் வேண்டுமென்று நிறுத்தவில்லை. அக்காவுக்குப் புரிந்தது. உள்ளே போய் ஜன்னலோரம் உட்கார்ந்து முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

"நான்தான் சொல்லணும் அம்மிணி" என்றான் அவன். "மொதல்ல என்ன சொல்றது? மல்லிகான்னு ஆரம்பிச்சா, மீதிக்குள்ள அந்த ஆளு உடைஞ்சுருவாரு. உங்க தங்கச்சின்னு ஆரம்பிச்சாலும் அப்படித்தான்." உசுரோட என்பதுதான் முதல் வார்த்தையாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்தான். பிறகு சொல்லிப் பார்த்தான். உசுரோட இருக்குதுங்க உங்க தங்கச்சி மல்லிகா என்கிற வரைக்கும் வந்தது. அதற்கு மேல் நின்றுவிட்டது. மறுபடி சொன்னான். மறுபடி அதே இடத்தில் நின்றது. இத்தனை வருஷம் எங்கே நிறுத்தினால் எதிராளிக்கு வலிக்குமோ அங்கே நிறுத்தியே பழகிய நாக்கு. "நிறுத்தாதடா, நிறுத்தாத" என்று நான் அவன் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

ஒரு பைக் வந்தது. அவன் பாய்ந்து மறித்து, "உசுரோட இருக்குதுங்க உங்க தங்கச்சி!" என்று கத்தினான். வண்டியில் இருந்தவர் பால் கேனோடு தடுமாறினார். "எந்தங்கச்சிக்கு என்னாச்சு?" என்று அலறினார். ஆள் வேறு. அவரைச் சமாதானப்படுத்தி அனுப்புவதற்குள் என் உயிர் போய் வந்தது. போகும்போது அவர் வண்டியை ஓரமாக நிறுத்தித் தங்கச்சிக்குப் போன் போட்டுப் பேசிவிட்டுத்தான் போனார்.

பொழுது சாய்ந்தது. மழை நின்றபாடில்லை. டீக்கடைக்காரர் விளக்கைப் போட்டார். வருகிற வழியிலேயே ஏதாவது ஆகியிருந்தால்? திம்பம் மலைப் பாதையில், ஏதாவது லாரிக்குப் பக்கத்தில்? அதை நான் வாய்விட்டுக் கேட்கவில்லை. அவனும் கேட்கவில்லை. அவன் உதடு மட்டும் அசைந்துகொண்டே இருந்தது. போன் எதுவும் வரவில்லை. வருவதற்கு வழியும் இல்லை.

"அவந்தான்! அந்தச் செவப்புக் குல்லா! அவந்தான்!" என்று உள்ளேயிருந்து அக்கா கத்தினார்.

அவன் ரோட்டு நடுவுக்கு ஓடினான். இரண்டு கையையும் தூக்கினான். வண்டி வேகமாகத்தான் வந்தது. சக்கரம் ஈரத்தில் இழுத்துக்கொண்டு வந்து அவன் முழங்காலில் முட்டி நின்றது. பழனி அண்ணனின் முகம் முழுக்கச் சேறு, அதில் தண்ணீர் வழிந்த கோடுகள். கண் எங்களைப் பார்க்கவேயில்லை, மலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. "வழி உடுங்க" என்றார். அவ்வளவு மெதுவாகச் சொன்னதுதான் எனக்கு அதிகப் பயத்தைக் கொடுத்தது.

அவன் வாயைத் திறந்தான். கடவுளே, இன்றைக்கு மட்டும் நிறுத்திவிடாதே என்று வேண்டிக்கொண்டேன்.

"உசுரோட இருக்குதுங்க உங்க தங்கச்சி மல்லிகா, சாவலிங்க, அந்தப் படம் பாட்டுக்கு நான் போட்ட வெளம்பரமுங்க."

பழனி அண்ணன் அசையவில்லை. வண்டி உறுமிக்கொண்டே இருந்தது. அவர் பார்வை மலையிலிருந்து இறங்கி அவன் வாய்க்கு வந்து சேர நேரமானது.

"இன்னொருக்கா சொல்லுங்க" என்றார்.

சொன்னான். ஒரு வார்த்தை குறையவில்லை.

"இன்னொருக்கா."

சொன்னான். மழைத் தண்ணீர் வாய்க்குள் போனது, அதோடு சேர்த்துச் சொன்னான். பழனி அண்ணன் கேட்டுக்கொண்டே இருந்தார், அவன் சொல்லிக்கொண்டே இருந்தான். ஒவ்வொரு தடவைக்கும் ஹேண்டில்பாரை இறுக்கியிருந்த விரல்கள் கொஞ்சம் கொஞ்சமாக விட்டன. ஒரு கட்டத்தில் அவராகவே சாவியைத் திருப்பினார். வண்டி அடங்கியது. மழைச் சத்தமும் அவன் குரலும் மட்டும் இருந்தன.

அக்காவால் அதற்கு மேல் உள்ளே இருக்க முடியவில்லை. செருப்பில்லாமல் ஓடி வந்து நின்றார். பழனி அண்ணன் முகத்தைப் பார்க்கவில்லை. முதலில் அக்காவின் காலைத்தான் பார்த்தார். கால் தரையில் இருக்கிறதா என்று பார்த்தார். சேற்றில் அழுத்தமாகப் பதிந்திருந்த அந்தப் பாதங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், வண்டியை அப்படியே சாய விட்டுவிட்டு அக்காவின் காலடியிலேயே உட்கார்ந்துவிட்டார். அக்கா குனிந்து அவர் குல்லாவைக் கழற்றித் தலையைத் துடைத்தார்.

அவன் மட்டும் ரோட்டு நடுவில் நின்றுகொண்டிருந்தான். கேட்க ஆளில்லாமலேயே அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான். போதும் என்றேன், காதில் விழவில்லை. கிட்டே போய் அவன் வாயைப் பொத்தினேன். என் உள்ளங்கைக்குள்ளும் அவன் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன.